எக்செல்ல ஊறின ஆள் கால்க்குக்கு மாறினா எங்க அடி விழும்?

தங்கச்சி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா எழுதிடுறன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கோணும். உங்கட ஒபிஸ் புறக்கோட்டையில இறக்குமதி செய்து மொத்தமா விக்கிற இடம், எக்செல் லைசன்ஸை இந்த முறை புதுப்பிக்க மாட்டம், எல்லாரும் லிப்ரே ஒபிஸ் எண்ட இலவசத் தொகுப்பில எக்செல் மாதிரி இருக்கிற கால்க்குக்கு மாறுங்கோ எண்டு சொல்லிட்டினம், நீங்க பதினொரு வருஷமா எக்செல்லயே இருக்கிறீங்க, பிவட் (டேட்டாவைச் சுருக்கிக் காட்டுற டேபிள்), எக்ஸ்லுக்அப் (தேடி எடுக்கிற போர்முலா), பவர் குவெரி (வெளி டேட்டாவை இழுத்துச் சீராக்கிற வசதி), கொஞ்சம் மக்ரோ (தானா ஓடுற சின்ன புரோகிராம்) எல்லாம் கையில இருக்கு, மாறினா எங்க அடி விழும் எண்டு கேட்டிருக்கிறீங்க.

மாறலாம். நான் மாறி இப்ப மூண்டு வருஷத்துக்கு மேல ஆகுது, சம்பளக் கணக்கு, கடன் வசூல் லிஸ்ட், ஸ்டொக், வற் (பெறுமதி சேர் வரி) ஷெட்யூல் எல்லாம் கால்க்லதான் ஓடுது. 2022 மார்ச் ஆரம்பத்தில டொலர் 200 ரூபா சொச்சத்தில நிண்டது, மே மாசம் 360 அளவுக்குப் போயிட்டுது, டொலர்ல கட்டுற ஒவ்வொரு பில்லையும் ஒபிஸ்ல திருப்பித் திருப்பிப் பார்த்த நேரம் அது, அப்பதான் நாங்களும் மாறினம். கூகுள் ஷீட்ஸும் யோசிச்சம்தான், ஆனா அந்த மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்த ஊரில, ரவுட்டர் செத்தா சம்பளம் போட ஏலாது எண்ட நிலையை நான் விரும்பேல்ல. அதால மெஷின்லயே இருக்கிற புரோகிராம் எண்டு முடிவெடுத்தம்.

ஆக்கள் பயப்பிடுறது "அந்த போர்முலா இருக்கா, இந்த வசதி இருக்கா" எண்டு. அது பெரிய பிரச்சினை இல்ல, இல்லாத வசதி முதல் நாளே இல்லையெண்டு முகத்தில தெரிஞ்சிடும். ஆபத்து எங்கயெண்டா, எல்லாம் சரியா இருக்கிற மாதிரி தெரிஞ்சு உள்ளுக்க சரியில்லாம இருக்கிற இடத்தில. நான் பட்டதைச் சொல்றன், இதை மட்டும் ஆறுதலா வாசியுங்கோ.

எங்களிட்ட ஒரு கடன் லிஸ்ட் இருந்தது, வாடிக்கையாளர், இன்வொய்ஸ் திகதி, தொகை, கடன் நாள், கட்ட வேண்டிய திகதி. கடைசிக் கொலம் வெறும் கூட்டல், இன்வொய்ஸ் திகதியோட 45ஐக் கூட்டினா வாற நாள். பில் போடுற சொஃப்ட்வெயர்ல இருந்து இறக்கின பைல், எக்செல்ல வருஷக்கணக்கா ஓடினது. கால்க்ல திறந்தன், எல்லாத் திகதியும் அப்படியே வந்தது, கூட்டுத்தொகை சதம் பிசகாம ஒத்துப்போச்சு, நான் சந்தோஷமா "சரி, இது பாஸ்" எண்டு அடுத்த பைலுக்குப் போயிட்டன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு இன்வொய்ஸ் திகதியைத் திருத்தினன், திருத்தின ரோவில வேல்யூ எரர். ஏனெண்டு விளங்காம கொன்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்9 அடிச்சன், அது பைல் முழுதையும் வலுக்கட்டாயமா திரும்பக் கணக்குப் போட வைக்கிற கீ, அடிச்ச உடன முழுக் கொலமும் மேலிருந்து கீழ வரைக்கும் எரர்.

நடந்தது இதுதான். எக்செல் பைலுக்குள்ள போர்முலாவும் இருக்கும், எக்செல் கடைசியா கணக்குப் போட்ட விடையும் பக்கத்திலேயே சேமிச்சிருக்கும். கால்க் திறக்கேக்க, நீங்க செட்டிங்கை மாத்தாட்டி, அந்தப் பழைய விடையைத்தான் எடுத்துக் காட்டும், தானா கணக்குப் போடாது. அதால பைலைத் திறந்து "ஆ, எல்லாம் ஒத்துப்போகுது" எண்டு சொல்றதில ஒரு பெறுமதியும் இல்ல, நீங்க பார்க்கிறது எக்செல் போட்ட கணக்கை. அதனால முதல் வேலையா டூல்ஸ், ஒப்ஷன்ஸ், லிப்ரே ஒபிஸ் கால்க், போர்முலா எண்டு போய் எக்செல் 2007க்குப் பிறகு வந்த பைலுகளைத் திறக்கேக்க எப்பவும் திரும்பக் கணக்குப் போடு எண்டு மாத்துங்கோ. பெரிய பைல் திறக்க கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்ல, மாறி முடியும் வரைக்கும் அப்படியே விடுங்கோ.

சரி, எரர் ஏன் வந்தது? அந்த இன்வொய்ஸ் திகதி எல்லாம் பார்க்க திகதி மாதிரி இருந்தாலும் உண்மையில எழுத்து. 05/07/2022 எண்டு எழுத்தா கிடக்கும், எக்செல் அதோட 45ஐக் கூட்டச் சொன்னா ஒண்டும் கேக்காம தானே திகதியா எடுத்துக் கூட்டிடும். கால்க் கேக்கும். சந்தேகத்துக்கு இடமில்லாத எழுத்தைத்தான் அது இலக்கமா மாத்தும், 45000 எண்டு எழுத்தா இருந்தா மாத்தும், 45,000 எண்டு நடுவில கொமா இருந்தா மாத்தாது, திகதியெண்டா வருஷம் முதல்ல வாற சர்வதேச முறையில இருந்தா மட்டும் மாத்தும். எனக்கு அப்ப கோபம்தான் வந்தது. பிறகு யோசிச்சுப் பார்த்தா கால்க் சொன்னதுதான் நியாயம். ஏனெண்டா 05/07/2022ஐ எக்செல் எப்படி எடுக்கும் எண்டது அந்த மெஷின்ல விண்டோஸ் எந்த நாட்டு முறையில இருக்கு எண்டதைப் பொறுத்தது. பிரிட்டிஷ் முறையெண்டா யூலை 5, 45 நாள் கூட்டினா ஓகஸ்ட் 19. அமெரிக்க முறையெண்டா மே 7, கூட்டினா யூன் 21. அதே பைல், அதே போர்முலா, ரெண்டு மாசம் வித்தியாசம். 12க்கு மேல நாள் வாற திகதி, 13/07 மாதிரி, அமெரிக்க முறை மெஷின்ல எரர் அடிக்கும், அதைப் பார்த்துத்தான் ஆக்கள் "அந்த லப்டொப்ல சில ரோ வேலை செய்யாது" எண்டு சொல்லி அந்த ரோவை மட்டும் கையால அடிச்சிருக்கினம், மிச்சம் பிழையா கிடக்கு எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்ல.

இதைத் திருத்திறது லேசு. கால்க்ல கொன்ட்ரோல் எஃப்8 அடியுங்கோ, இலக்கம் எல்லாம் நீலமாகும், எழுத்து கறுப்பு, போர்முலா பச்சை. எக்செல்ல இப்படி ஒரே கீயில இல்ல. உங்கட ஒவ்வொரு பைலையும் திறந்து முதல்ல இதை அடிச்சுப் பாருங்கோ, நீலமா இருக்க வேண்டிய கொலத்தில எங்க கறுப்பு இருக்கோ அங்கதான் நாளைக்குப் பிரச்சினை. அந்தக் கொலத்தைத் தெரிவு செய்து டேட்டா மெனுவில டெக்ஸ்ட் டு கொலம்ஸ், கொலத்தின்ர வகையை நாள் மாசம் வருஷம் எண்டு குடுத்தா மொத்தமா உண்மையான திகதியாகும். கால்க் ஒப்ஷனுக்குள்ள, ஊர் முறையைப் பார்த்து எழுத்தை எல்லாம் இலக்கமா மாத்து எண்டும் ஒரு தெரிவு இருக்கு, அதைப் போட்டா எரர் எல்லாம் மறைஞ்சிடும், தயவுசெய்து அதைப் போடாதீங்கோ, பழைய வருத்தத்தை திரும்பவும் போர்வையால மூடுற வேலை அது.

இதோட சேர்த்து இன்னும் ரெண்டு செட்டிங். லொகேல், அதாவது எந்த நாட்டு முறை எண்ட செட்டிங், அது அமெரிக்க ஆங்கிலத்தில இருந்தா நீங்க 3/4 எண்டு அடிச்சா மார்ச் 4 ஆகிடும், பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு மாத்துங்கோ, திகதியை எந்த வடிவத்தில அடிச்சா ஏற்கோணும் எண்டு ஒரு பெட்டி அங்கேயே இருக்கு, அதில நாள் முதல்ல வருதா எண்டு ஒருக்கா பாருங்கோ. மற்றது போர்முலா எழுதுற முறை. கால்க் சாதாரணமா மற்ற ஷீட்டைக் காட்ட புள்ளி வைக்கும், எக்செல் ஆச்சரியக்குறி வைக்கும், எக்செல் ஏ1 எண்டு மாத்தினா உங்கட கை பழகின மாதிரியே எழுதலாம். இதில கௌரவம் பார்க்க ஒண்டும் இல்ல, மாத்திடுங்கோ.

இனி விரல். பவர் யூசருக்கு உண்மையான நோவு இங்கதான், மூளைக்கு ஒரு கிழமையில பழகிடும், விரலுக்கு ரெண்டு மாசம் எடுக்கும். எக்செல்ல ஒரு செல்லில 5000 எண்டு அடிச்சு மூலையைப் பிடிச்சுக் கீழ இழுத்தா எல்லாத்திலயும் 5000 வரும். கால்க்ல 5000, 5001, 5002 எண்டு ஏறிக்கொண்டு போகும். எங்கட சம்பள ஷீட்ல போக்குவரத்து அலவன்ஸ் கொலத்தில நானே இப்படி இழுத்து, 23 பேரின்ர லிஸ்ட்ல ஆளுக்காள் ஒவ்வொரு ரூபாவா ஏறிக்கொண்டே போயிருந்தது, கூட்டுத்தொகை போன மாசத்தை விட 253 ரூபா கூட வந்தபடியாத்தான் பிடிபட்டது. கொன்ட்ரோலை அமத்திக்கொண்டு இழுத்தா கொப்பியாகும், இல்லாட்டி இழுக்கிறதையே விட்டிட்டு தெரிவு செய்து கொன்ட்ரோல் டி அடியுங்கோ, அது ரெண்டிலயும் ஒரே மாதிரி வேலை செய்யும், நான் இப்ப அதைத்தான் செய்யிறன்.

அதே மாதிரி செல்லுக்குள்ள அடுத்த வரிக்குப் போக எக்செல்ல ஓல்ட் என்டர், தெரிவு செய்த எல்லாச் செல்லுக்கும் ஒரே விஷயத்தை நிரப்ப கொன்ட்ரோல் என்டர், கால்க்ல இது ரெண்டும் அப்படியே தலைகீழ். பாக்ஸ்பேஸ் அடிச்சா எதை அழிக்கோணும் எண்டு ஒரு டயலொக் வரும், டிலீட் அடிச்சா நேரா அழியும். எஃப்4 டொலர் குறி போடுறது ரெண்டிலயும் இருக்கு, ஆனா கடைசியா செய்ததைத் திரும்பச் செய் எண்டதுக்கு எஃப்4 வேலை செய்யாது, கொன்ட்ரோல் ஷிஃப்ட் வை. எஃப்5 அடிச்சா கோ டு வராது, நவிகேட்டர் வரும், அது உண்மையில அதை விட நல்லம், ஷீட், பேர் வைச்ச ரேஞ்ச், படம் எல்லாம் ஒரு மரம் மாதிரி காட்டும். ஓல்ட், எச், வி, வி எண்டு கண்ணை மூடிக்கொண்டு அடிச்சு வேல்யூ மட்டும் பேஸ்ட் பண்ற பழக்கம் உங்களுக்கும் இருக்கும், அது போயிடும், கொன்ட்ரோல் ஷிஃப்ட் வி அடிச்சா பேஸ்ட் ஸ்பெஷல் வரும், இல்லாட்டி டூல்ஸ் கஸ்டமைஸ்க்குள்ள போய் உங்களுக்குப் பிடிச்ச கீயைக் குடுக்கலாம். நான் ஒரு பத்து கீயைத்தான் மாத்தினன், அதுக்கு மேல மாத்தினா வேற மெஷின்ல இருக்கேக்க கை கட்டின மாதிரி ஆகிடும். எக்செல்ல ஸ்லாஷ் கீயை அடிச்சா இப்பவும் மேல மெனு எழுத்துகள் வரும், அது லோட்டஸ் 1-2-3 ஆக்களின்ர விரலுக்காக விட்டது, 1983ல வந்த புரோகிராம் அது. புரோகிராம் போய்ச் சேர்ந்தாலும் விரல் பழக்கம் அவ்வளவு காலம் நிண்டிருக்கு, அதால உங்கட விரல் ரெண்டு மாசம் அடம் பிடிச்சா மனம் விடாதீங்கோ.

போர்முலா பக்கம் இப்ப நிலைமை நல்லம். எக்ஸ்லுக்அப், ஃபில்டர், சோர்ட், யூனிக், லெட், சீக்வென்ஸ் எல்லாம் 2024 ஓகஸ்ட்ல வந்த 24.8 வெர்ஷன்ல சேர்ந்திட்டுது, வீஸ்டாக், டெக்ஸ்ட்ஸ்ப்ளிட் மாதிரி ஆக்கள் 25.8ல வந்தினம். 2024ல இருந்து வெர்ஷன் இலக்கமே வருஷமும் மாசமும்தான், அதால ஒபிஸ்ல ஆராவது 7ல தொடங்கிற பழைய வெர்ஷனைப் போட்டுட்டு "எக்ஸ்லுக்அப் இல்ல" எண்டு சொன்னா முதல்ல வெர்ஷனைப் பாருங்கோ. பழைய வெர்ஷன்ல இன்னொரு ஆபத்தும் இருக்கு, 2022ல வந்த 7.4க்கு முந்தினதில 1,024 கொலம்தான், அதுக்குப் பிறகுதான் எக்செல் மாதிரி 16,384. லாம்டா, அதாவது சொந்தமா ஃபங்ஷன் கட்டுற வசதி, நான் பாவிக்கிற 25.8ல இல்ல, உங்கட பைல்ல இருந்தா மாத்தி எழுதத்தான் வேணும்.

ஆனா பேர் ஒண்டா இருந்தாலும் ஃபில்டர் நடந்துகொள்ற விதம் வேற. எக்செல்ல ஃபில்டர் போட்டா விடை எத்தினை ரோ வருதோ அத்தினை ரோவுக்கு தானா விரியும், நாளைக்கு டேட்டா கூடினா அதுவும் கூடும். கால்க்ல நீங்க என்டர் அடிக்கிற நேரம் எத்தினை ரோ தேவையோ அந்த அளவு கட்டம் பிடிச்சு அரே போர்முலாவா நிண்டிடும், பிறகு டேட்டா கூடினா கட்டம் தானா வளராது. நான் செய்யிறது, தேவைக்கு மேலயே பெரிய ரேஞ்சைத் தெரிவு செய்து கொன்ட்ரோல் ஷிஃப்ட் என்டரால போடுறது, மிச்சச் செல்லுக்கு எரர் வரும், அதை இஃப்எரரால (எரர் வந்தா வேற விடை காட்டுற ஃபங்ஷன்) வெறுமையாக்குறது. அழகில்ல, ஆனா ரோ விடுபட்டுப் போகாது. இதே கதைதான் எக்செல் டேபிளுக்கும், கீழ ஒரு வரி அடிச்சா டேபிள் தானா நீளுற வசதியை நம்பி நீங்க கட்டின எல்லாத்தையும் ஒருக்கா பாருங்கோ, கால்க்ல அதை நம்ப ஏலாது, கூட்டுத்தொகை ரேஞ்சை கீழ ஒரு வெறும் வரியையும் சேர்த்து எழுதி, புது வரியை அந்த வெறும் வரிக்கு மேல இன்ஸேர்ட் பண்ணுங்கோ.

பவர் குவெரி. இதுக்கு நான் நல்ல செய்தி சொல்ல ஏலாது. கால்க்ல அதுக்கு நிகரா ஒண்டும் இல்ல, பவர் பிவட்டும் இல்ல. வெளி டேட்டாவை லிங்க் பண்ணலாம், சிஎஸ்வியையோ (கொமாவால பிரிச்ச வெறும் எழுத்துப் பைல்) வெப் டேபிளையோ இழுக்கலாம், ஆனா ஒரு ஃபோல்டர்ல கிடக்கிற 12 மாசப் பைலை ஒண்டாக்கி, கொலத்தைப் புரட்டி, பிழையை வடிச்சு, ரிஃப்ரெஷ் ஒண்டு அடிச்சா முடிஞ்சுது எண்ட வேலை அங்க இல்ல. உங்கட ஸ்டொக் ரிப்போர்ட் பவர் குவெரியிலதான் நிக்குது எண்டு சொன்னீங்க, அப்ப ஒபிஸ்ல நேரா கதையுங்கோ, ஒரு மெஷினுக்கு மட்டும் எக்செல் லைசன்ஸ் வைச்சிருங்கோ எண்டு. பத்துப் பேருக்குக் கட்டுறதை நிப்பாட்டி ஒருத்தருக்குக் கட்டுறது அவையளுக்கும் லாபம்தான். அதுக்கு ஓமெண்டு சொல்லாட்டி பைதன் எண்ட புரோகிராம் மொழியைக் கொஞ்சம் படிச்சு, அதில டேட்டா வேலைக்கு இருக்கிற பாண்டாஸ்ல அதைத் திரும்பக் கட்டலாம், நான் என்ர மாச ஒண்டிணைப்பை அப்படித்தான் செய்யிறன், ஒரு மாசம் பின்னேரங்களில இருந்து படிச்சன், இப்ப பவர் குவெரியை விட அதுதான் எனக்கு நம்பிக்கை, என்ன நடக்குது எண்டு வரி வரியா வாசிக்கலாம். ஆனா அதை ஒரு கிழமைக்குள்ள செய் எண்டு கேட்டா ஓமெண்டு சொல்லிடாதீங்கோ.

பிவட் பிரச்சினை இல்ல, இருக்கு, வேலை செய்யும், ஸ்லைசர் (பட்டன் அடிச்சு வடிக்கிற பெட்டி) மட்டும் இல்ல. திகதியை மாசமா குழுவாக்க அந்தத் திகதிக் கொலத்தில நிண்டு எஃப்12.

மக்ரோவுக்கு வாறன். எக்செல் மக்ரோவை கால்க் ஓரளவுக்கு ஓட்டும், செல்லை வாசிச்சு எழுதுற சின்ன லூப் எல்லாம் ஓடும், யூசர் ஃபோர்ம் வைச்சு பட்டன் அடுக்கினது பெரும்பாலும் சரிவராது. நான் செய்தது, எங்களிட்ட இருந்த எல்லா மக்ரோவையும் ஒரு கொப்பியில எழுதி, ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில இது உண்மையில என்ன செய்யுது எண்டு ஒரு வரி எழுதினன். பாதிக்கு மேல மக்ரோ தேவையே இல்ல. சம்பள மக்ரோ எண்டு எல்லாரும் பயபக்தியோட வைச்சிருந்தது, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) தொழிலாளர் 8 வீதம், முதலாளி 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், மூண்டு பெருக்கல், அதோட ஷீட்டுக்குப் பேர் மாத்துறது. வற் மக்ரோ அதை விட மோசம், வீதம் கோட்டுக்குள்ள கிடந்தது. 2022 யூன்ல 8இல இருந்து 12, செப்டெம்பர்ல 15, 2024 ஜனவரியில 18 எண்டு மாறேக்க ஒவ்வொரு முறையும் ஆரோ உள்ள போய்த் திருத்தினதால பழைய மாச ரிப்போர்ட்டைத் திரும்ப ஓட்டினா புது வீதத்தில வந்தது. இப்ப ஒரு சின்ன டேபிள், ஒரு கொலத்தில தொடங்கின திகதி, மற்றதில வீதம், இன்வொய்ஸ் திகதியைக் குடுத்தா லுக்அப் அந்த நாளைக்குரிய வீதத்தைத் தரும். மக்ரோவும் போச்சு, பிழையும் போச்சு.

கால்க் எக்செல்லை விட நல்லம் எண்டு நான் மனசார சொல்ற இடம் சிஎஸ்வி. எக்செல்ல சிஎஸ்வியை டபுள் கிளிக் பண்ணினா அது தன்ர பாட்டுக்கு முடிவெடுக்கும், 077 எண்டு தொடங்கிற போன் நம்பரில முன் பூச்சியம் போயிடும், 2016க்குப் பிறகு வந்த 12 இலக்க அடையாள அட்டை நம்பர் 1.99ஈ+11 எண்டு சுருங்கிடும், தமிழ்ப் பேர் எல்லாம் குப்பை எழுத்தா வரும். கால்க் திறக்க முதலே ஒரு டயலொக் காட்டிக் கேக்கும், எழுத்துக் குறிமுறை என்ன, எதால பிரிக்கிறது, ஒவ்வொரு கொலமும் என்ன வகை எண்டு, கீழ மாதிரியும் காட்டும். யூடிஎஃப்-8 எண்டு குடுத்து, நம்பர் கொலங்களை டெக்ஸ்ட் எண்டு குறிச்சு ஓகே அடிச்சா எல்லாம் வந்த மாதிரியே இருக்கும். எழுத்துக்குள்ள ஒரு வடிவத்தைத் தேடி எடுக்கிற ரெஜெக்ஸ் எண்ட ஃபங்ஷனும் இருக்கு. ஒரே செல்லில பேர், விலாசம், அடையாள அட்டை எல்லாம் ஒண்டா அடிச்சு வைச்ச ஒரு லிஸ்ட்ல இருந்து, ஒன்பது இலக்கமும் பின்னால வி அல்லது எக்ஸும், இல்லாட்டி பன்னிரண்டு இலக்கம் எண்ட வடிவத்தைக் குடுத்து 1,800 அடையாள அட்டை நம்பரை ஒரே போர்முலாவில பிரிச்செடுத்தன், அண்டைக்குத்தான் எனக்கு இந்தப் புரோகிராம் மேல உண்மையான பிடிப்பு வந்தது.

தமிழ் எண்ட உடன பாமினிப் பிரச்சினையையும் சொல்லோணும், இது கொழும்பில இருக்கிற தமிழ் ஒபிஸுகளுக்கே உரிய தலையிடி. பழைய ஷீட்ல தமிழ்ப் பேர் எல்லாம் பாமினி பொண்ட்ல அடிச்சிருந்தா உள்ளுக்க கிடக்கிறது ஆங்கில எழுத்து, பொண்ட்தான் அதுக்கு தமிழ் வேஷம் போட்டுக் காட்டுது. புது மெஷின்ல பொண்ட் இல்லாட்டி ஒண்டும் வாசிக்க ஏலாது. அதை விட, பாமினியில க எண்டதும் கு எண்டதும் ஒரே ஆங்கில எழுத்தின்ர சின்னதும் பெரிசும், எக்செல் லுக்அப் சின்ன எழுத்து பெரிய எழுத்து வித்தியாசம் பார்க்காது, அதால அதுக்கு கடையும் குடையும் ஒண்டுதான், பொருள் லிஸ்ட்ல விலை மாறி வந்தா ஆருக்கும் காரணம் விளங்காது. இன்னொண்டு, பாமினியில மெய்யெழுத்துக்கு வைக்கிற புள்ளி உண்மையில செமிகோலன். கால்க் சிஎஸ்வி டயலொக்ல பிரிக்கிற குறியா செமிகோலன் டிக் பண்ணியிருந்தா ஒவ்வொரு பேரும் புள்ளி வாற இடமெல்லாம் வெட்டுப்பட்டு நாலு கொலத்தில சிதறும். அதால மாற முதல் பாமினி பைல் எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்துங்கோ, இந்த வேலையை எக்செல் கையில இருக்கேக்கயே முடிச்சிடுங்கோ. யூனிகோட் தமிழுக்கு கால்க் தனியா ஒரு பொண்ட் வைச்சிருக்கும், ஆங்கிலத்துக்கு வேற, தமிழுக்கு வேற, டிஃபோல்ட் செல் ஸ்டைலுக்குள்ள போய் சிடிஎல் (தமிழ் மாதிரி எழுத்துகளுக்கான) பொண்ட் எண்ட இடத்தில நோட்டோ சான்ஸ் தமிழையோ லதாவையோ குடுத்து சைஸையும் பொருத்தமா வையுங்கோ, இல்லாட்டி தமிழ் ஒரு சைஸிலயும் ஆங்கிலம் ஒரு சைஸிலயும் நிக்கும்.

பைலை எந்த ஃபோமட்ல சேமிக்கிறது எண்டதில நான் கொஞ்சம் பிடிவாதம். கால்க்ல வேலை செய்து எக்செல் ஃபோமட்லயே சேமிச்சு, அதை இன்னொருத்தர் எக்செல்ல திறந்து திருத்தி, திரும்ப உங்களிட்ட வந்து, இந்தப் போக்குவரத்துதான் பைலை அரிக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு சின்னது விடுபடும், கலர் விதி ரெண்டா பெருகும், சார்ட் நகரும், பிரிண்ட் எல்லை மாறும். ஒவ்வொரு பைலுக்கும் ஒரு வீடுதான் இருக்கோணும். கால்க்ல வாழுற பைல் அதின்ர சொந்த ஃபோமட்டான ஓடிஎஸ், வெளியில குடுக்கிறதுக்கு பிடிஎஃப், ஓடிட்டர் எக்செல் கேட்டா அதுக்கு ஒரு கொப்பி சேவ் பண்ணி அனுப்புங்கோ, அந்தக் கொப்பியைத் திரும்ப உள்ள எடுக்காதீங்கோ. பழைய எக்ஸ்எல்எஸ்ல மட்டும் ஒண்டையும் வைக்காதீங்கோ, அதில 65,536 ரோதான். 2020ல இங்கிலாந்தில பொதுச் சுகாதாரத் திணைக்களம் கொரோனா ரிசல்ட்டை அந்தப் பழைய ஃபோமட்ல எடுத்து 15,841 பேரின்ர விபரம் சில நாள் கணக்கில வராமலேயே கிடந்தது, தொடர்பில இருந்த ஆக்களைத் தேடுறதும் அதால பிந்தினது.

எப்ப மாறுறது எண்டும் கேட்டிருந்தீங்க. வருஷக் கணக்கு மார்ச் 31ல முடியுது, அதுக்குள்ள மாறாதீங்கோ, ஏப்ரல் மாசத்துக் கணக்கை கால்க்ல தொடங்குங்கோ. அதுக்கு முதல் ரெண்டு மாசச் சம்பளத்தை ரெண்டிலயும் போட்டு, பழைய பைலைத் திறந்து பார்த்து இல்ல, வெறும் ஷீட்ல டேட்டாவை திரும்ப ஏத்தி, ஆளாள் வரியா கழிச்சுப் பாருங்கோ, கூட்டுத்தொகை மட்டும் ஒத்துப்போறது காணாது. ஈபிஎஃப் காசு அடுத்த மாசக் கடைசிக்குள்ள கட்டினா போதும், அதால வித்தியாசம் கண்டா தேடிப் பிடிக்க உங்களுக்கு நேரம் இருக்கு. முதல்ல சின்னப் பைல், செலவு வவுச்சர் மாதிரி, பிறகு கடன் லிஸ்ட், பிறகு சம்பளம், வற். ஸ்டொக் ரிப்போர்ட்டைக் கடைசிக்கு வையுங்கோ, அந்த ஒரு மெஷின் லைசன்ஸுக்கு ஓமா இல்லையா எண்டு ஒபிஸ்ல சொன்ன பிறகு அதின்ர குவெரி ஸ்டெப்ஸை எனக்கு எழுதி அனுப்புங்கோ, எது கால்க் போர்முலாவுக்குள்ள அடங்கும், எதுக்கு பைதன் வேணும் எண்டு இருந்து பார்த்துச் சொல்றன்.